என் பட்டியலில் முதல் பெயர் மணத்தி கணேசன்

எங்கள் பக்கம் மின்னொளி கபடிப் போட்டிக்குப் போகிறவர்கள் ஆட்டத்துக்காக மட்டும் போவதில்லை. ஓர் ஆட்டம் முடிந்து, அடுத்த இரண்டு அணிகளும் முட்டிக்குப் பட்டை மாட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியில் கூட்டத்துக்குள் ஒரு வழக்கு கிளம்பும். சேரன்மகாதேவிப் பக்கமானாலும் சரி, ஸ்ரீவைகுண்டம் பக்கமானாலும் சரி, கோயில் கொடை நடக்கிற எந்த ஊரானாலும் வழக்கு ஒன்றுதான்: ஆடி ஓய்ந்தவர்களில் யார் பெரிய ஆள்? சுக்குக்காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் தொடங்கி வைப்பார். "இப்பம் ஆடுதவனுக்கு மேட்டு இருக்கு, ஷூ இருக்கு. அன்னைக்குக் கட்டாந்தரையில முட்டி தேய ஆடுனவனை எங்கவே கொண்டு வைக்கது?" அவ்வளவுதான். பின்னால் இருப்பவர் ஒரு பெயர் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் அதைத் தள்ளிவிட்டு வேறொரு பெயர் சொல்வார். நடுவர் விசில் ஊதி அடுத்த ஆட்டம் தொடங்கிய பிறகும் பேச்சு ஓயாது.

எனக்கு இந்த வழக்கு உயிர். இரவு இரண்டு மணிக்கு, பனி இறங்குகிற நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவரோடு 1994ஆம் ஆண்டு இந்திய அணியைப் பற்றி மூச்சு முட்டப் பேசுகிற சுகம் வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பேசப் பேச ஓர் ஆசை வளர்ந்துகொண்டே வருகிறது. இந்தப் பேச்சுக்கெல்லாம் ஒரு வீடு வேண்டும். கபடிக்கு ஒரு புகழ் மண்டபம் வேண்டும், அதுவும் இந்தத் தாமிரபரணிக் கரையில் வேண்டும்.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் கான்டன் என்றோர் ஊர் இருக்கிறது. அவர்கள் கால்பந்து என்று சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஆளோடு ஆள் மோதுகிற ஆட்டம். அதற்காக 1963இல் அங்கே ஒரு புகழ் மண்டபம் திறந்தார்கள். ஆடி ஓய்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தால்தான் ஒருவர் பெயர் தேர்வுக்கு வரும். பெயரை முன்மொழிகிறவர் தேர்வுக் குழுவின் முன் எழுந்து நின்று அவருக்காக வாதாட வேண்டும். நூற்றுக்கு எண்பது வாக்கு விழுந்தால்தான் உள்ளே இடம். தேர்வானவருக்கு வெண்கலத்தில் மார்பளவுச் சிலையும் பொன்னிறக் கோட்டும் கொடுக்கிறார்கள். ஆண்டுதோறும் பட்டியல் வரும் நேரத்தில் யாருக்குக் கொடுத்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று ஊர் ஊராகச் சண்டை நடக்கும். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் கொடைத் திடல்தான் நினைவுக்கு வந்தது. எழுந்து நின்று வாதாடுவதற்கு நெல்லைச் சீமையில் ஆள் பஞ்சமா?

தமிழர்கள் இப்படிப்பட்ட மண்டபங்களுக்குப் புதியவர்களும் அல்லர். 2024இல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் உள்ள டென்னிஸ் புகழ் மண்டபத்தில் சென்னையின் விஜய் அமிர்தராஜ் சேர்க்கப்பட்டார். அவரும் லியாண்டர் பயஸும்தான் ஆசியாவிலிருந்து அங்கே நுழைந்த முதல் ஆண்கள். நாம் சொல்கிற கால்பந்துக்கு ஒரு மண்டபம் கட்டினாலும் தமிழ்ப் பெயர்களில் இரண்டுக்கு வாதமே தேவைப்படாது. 1956, 1960 ஒலிம்பிக்குகளில் இந்தியாவின் கோல் கம்பத்துக்கு முன் நின்ற பீட்டர் தங்கராஜ் ஒருவர். 1960இல் ரோமில் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்த சைமன் சுந்தர்ராஜ் மற்றவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றுவரை அதுதான். இவர்களுக்கெல்லாம் தாளில் கணக்கு இருக்கிறது. எந்த ஆட்டம், எத்தனையாவது நிமிடம் என்று எடுத்துக் காட்டிவிடலாம்.

கபடிக்காரனுக்கு அது இல்லை. என் ஆத்திரமெல்லாம் அங்கேதான். 2014 ஜூலை 26ஆம் தேதி புரோ கபடி லீக் தொடங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு ரைடுக்கும் கணக்கு உண்டு. பர்தீப் நர்வால் 1,800க்கு மேல் ரைடு புள்ளி எடுத்தார் என்று பள்ளிக்கூடத்துப் பையன் சொல்கிறான். அதற்கு முந்தைய நாள் வரை ஆடியவர்கள் எத்தனை புள்ளி எடுத்தார்கள், எத்தனை பேரை மடக்கினார்கள் என்று சொல்ல எந்த ஏடும் இல்லை. ஸ்கோர் எழுதிய தாள் அன்று விடியற்காலையே காற்றில் போயிருக்கும். பரிசாகக் கிடைத்த குத்துவிளக்கு மட்டும் யார் வீட்டுப் பூஜை மாடத்திலோ எரிந்துகொண்டிருக்கும். அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்களின் கணக்குப் புத்தகம் என்பது அவர்களைக் கண்ணால் பார்த்தவர்களின் வாய்தான். அந்த வாய்களுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது. மண்டபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் வாதாட ஆள் இருக்க மாட்டார்கள்.

சரி, என் முதல் பெயருக்கு வருகிறேன்.

மணத்தி கணேசன். தூத்துக்குடி மாவட்டத்து மணத்திக்காரர். அவர் பிறந்தபோது அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம்தான், 1986இல்தான் பிரித்தார்கள். அதனால் அவர் எந்த மாவட்டத்துக்காரர் என்று யாராவது கேட்டால் தாமிரபரணி மாவட்டம் என்று சொல்லிவிடுவேன். பொதிகையில் இறங்கி புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற ஆற்றின் கடைசிப் பாதி அது. வாழையும் நெல்லும் வெற்றிலையும் விளைகிற பூமி. அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் பயல்கள் அதே வயலில் கோடு போட்டுவிடுவார்கள். அந்த மண்ணிலிருந்து எழுந்தவர் அவர். சேரன்மகாதேவி சன் பேப்பர் மில் அணிக்கு ஆடினார். அந்தக் காலத்தில் மில் அணி என்றால் எங்கள் ஊர்களில் என்ன மரியாதை என்பதை இன்றைய பையன்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். கபடி ஆடினால் சோறு கிடைக்கும், வேலை கிடைக்கும், மாதம் பிறந்தால் சம்பளம் கிடைக்கும் என்று ஒரு தகப்பனை நம்ப வைத்தவை அந்த அணிகள்தான். கணேசன் பிறகு மின்வாரியத்துக்குப் போனார், தமிழ்நாட்டுக்கு ஆடினார், இந்தியாவுக்கு ஆடினார். 1994 அக்டோபரில் ஜப்பானின் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். மறு ஆண்டு அர்ஜுனா விருது.

"ஒரே ஒரு ஆசிய விளையாட்டுதானவே?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஹிரோஷிமாவில் இந்தியாவுக்கு மொத்தம் கிடைத்த தங்கமே நான்கு. டென்னிஸில் இரண்டு, துப்பாக்கி சுடுதலில் ஜஸ்பால் ராணா எடுத்தது ஒன்று, மிச்சம் ஒன்று கபடி. அத்தனை கோடி மக்களின் நாட்டுக்கு நான்கே நான்கு தங்கம். அதில் ஒன்றில் மணத்தி வயலின் புழுதி ஒட்டியிருக்கிறது. கையில் வாங்கிப் பார்த்தால் உள்ளங்கை அளவுதான் இருக்கும் அந்த வட்டம். அதற்கு ஒரு சீமையையே நிமிர்ந்து உட்கார வைக்கிற கனம் இருந்தது.

ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1995. தென்மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் பற்றி எரிந்த ஆண்டு. ஆகஸ்ட் 31ஆம் தேதி கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்தது. பஸ் ஓடாத நாட்கள், பள்ளிக்கூடம் பூட்டிய நாட்கள், பக்கத்து ஊருக்குப் போன மகன் வீடு திரும்புவானா என்று தாய்மார்கள் வாசலில் நின்ற சாயங்காலங்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத்தான் ஒருவனை அணியில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் இந்த மண்ணின் பிள்ளை ஒருவர் நாட்டின் பெரிய விளையாட்டு விருதை வாங்கினார். அவர் போட்ட புள்ளிகளைக் கணக்கெடுக்க முடியாமல் போகலாம். அவர் எங்கிருந்து எங்கே போய்ச் சேர்ந்தார் என்ற தூரத்தைக் கணக்கெடுக்கலாமே. ஒரு புகழ் மண்டபம் அந்தத் தூரத்தை அளக்காவிட்டால் வேறு எதை அளக்கப்போகிறது?

சினிமா இயக்குநர் மாரி செல்வராஜ் இந்தக் கதையைக் கையில் எடுத்தபோது நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அவரும் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் புளியங்குளத்துக்காரர். கணேசனின் வாழ்க்கையைத் தழுவி அவர் எடுத்த 'பைசன் காளமாடன்' 2025 தீபாவளிக்கு வந்தது. துருவ் விக்ரம் கதாநாயகன் கிட்டானாக வந்து கபடி பாடிப் போகிற காட்சிகளில் திருநெல்வேலித் தியேட்டரே களமாகிவிட்டது. என் வரிசையில் ஒரு தாத்தா, படத்தில் ஒருவன் காலைப் பிடிக்கப் பாய்ந்ததும் தன் காலை இழுத்துக்கொண்டார். பசுபதி நடித்த தகப்பனைப் பார்த்து எத்தனை பேர் கண்ணைத் துடைத்தார்கள் தெரியுமா? மகன் கபடிக்குப் போகிறான் என்றால் வெட்டுப்பட்டு வருவான் என்று பயந்த தகப்பன்கள் எங்கள் ஊர்களில் நிஜமாகவே இருந்தார்கள்.

ஆனால் படம் வந்த பிறகு வழக்கில் ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. இளவட்டங்கள் கிட்டானையும் கணேசனையும் ஒரே ஆளாக்கிப் பேசுகிறார்கள். படத்தில் வந்த ஆட்டத்தை நடந்த ஆட்டமாகச் சொல்கிறார்கள். படம் படமாக இருக்கட்டும், எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. மண்டபத்து வாதத்துக்கு மட்டும் அதைச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள். கணேசனுக்கு அந்த ஊன்றுகோல் தேவையே இல்லை. ஹிரோஷிமாவும் அர்ஜுனாவும் சன் பேப்பர் மில்லும் போதும். படமே வராமல் போயிருந்தாலும் என் பட்டியலில் அவர்தான் முதல்.

இரண்டாவது இடத்துக்குத்தான் உண்மையான அடிதடி. அங்கே நான் ஊர்ப் பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு தஞ்சாவூர்க்காரருக்காக நிற்கிறேன். அதற்கு முன் பிடிக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

கூட்டம் கைதட்டுவது பாடிப் போகிறவனுக்கு. சினிமாவிலும் அவன்தான் கதாநாயகன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தனியாக ஏழு பேருக்குள் போகிறான், தொட்டுவிட்டு ஓடி வருகிறான், அழகுதான். ஆனால் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பது கோட்டோரத்தில் குனிந்து நிற்கிற கார்னர்காரன். போன கொடையில் ஒரு பையனைப் பார்த்தேன். ஆள் ஒல்லி, வலது கார்னர், பத்தொன்பது வயது இருந்தால் அதிகம். களத்தில் தண்ணீர் தெளித்து மரத்தூள் கலந்து போட்டிருந்தார்கள், கால் வழுக்காத பதம். எதிரணியின் பெரிய ரைடர் போனஸுக்கு வந்தான். போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றி மற்றக் காலைத் தூக்க வேண்டும், உள்ளே ஆறு பேராவது நிற்க வேண்டும், அப்போதுதான் அந்தப் புள்ளி செல்லும். ரைடர் இடுப்பை ஆட்டிக்காட்டி இரண்டு தரம் ஏமாற்றினான். பையன் அசையவில்லை. அவன் ரைடரின் முகத்தையே பார்க்கவில்லை, கண் முழுக்க அந்தக் கால் விரல்களில் இருந்தது. மூன்றாம் தரம் நிஜமாகவே கால் நீண்டது. குதிகால் மண்ணைத் தொட்ட கணத்தில் பையனின் இரண்டு கைகளும் கணுக்காலைச் சுற்றிப் பூட்டிக்கொண்டன. நெஞ்சு தரையில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ரைடர் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி எம்பினான், ஒரு கை கோட்டுக்கு ஒரு சாண் தூரம் வரை போனது. அதற்குள் கவரில் நின்றவன் தோளால் மறித்து மேலே விழுந்தான், பின்னாலேயே மற்ற நான்கு பேரும். நடுவர் விசில். எழுந்தபோது பையனின் முழங்கை தோல் உரிந்து மண் அப்பியிருந்தது. அவன் அதைத் தட்டிவிட்டு மறுபடி மூலைக்குப் போய்க் குனிந்துகொண்டான்.

இந்த வேலையை நாற்பது வயதுக்கு மேலும் இந்தியாவுக்காகச் செய்த அந்தத் தஞ்சாவூர்க்காரர்தான் தர்மராஜ் சேரலாதன். 1975இல் பிறந்தவர். புரோ கபடி தொடங்கியபோதே நாற்பதை நெருங்கிவிட்டார். மற்றவர்கள் பயிற்சியாளர் நாற்காலியில் உட்காருகிற வயதில் அவர் பாட்னா பைரேட்ஸ் அணியின் கேப்டனாக 2016இல் கோப்பையைத் தூக்கினார். அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பை எடுத்த இந்திய அணியிலும் இருந்தார். அரியானாப் பையன்களும் மராட்டியப் பையன்களும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். தமிழ் தெரியாத வர்ணனையாளர்கள்கூட அண்ணா என்றார்கள். வலது கார்னரில் அவர் குனிந்து நிற்கும் நிலை எனக்கு மனப்பாடம். எதிரில் வருகிறவன் தன்னைவிட இருபது வயது இளையவன். ஓட்டத்தில் அவனை வெல்ல முடியாது, பலத்தில் வெல்ல முடியாது. அவன் அடுத்த அடியை எங்கே வைப்பான் என்று அவனுக்குத் தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரிந்திருக்கும். அதை வைத்தே பிடித்தார்.

எங்கள் பக்கத்து மாமா ஒருவர் இதை ஒத்துக்கொள்வதே இல்லை. "டிவில வந்தவனை எல்லாம் சேத்தா மண்ணுல ஆடுனவனுக்கு எங்கடே இடம்?" என்பார். "மாமா, அவரும் மண்ணுல ஆடித்தானே வந்தாரு. டிவி வரும்போது அவருக்குப் பாதி ஆயுசு ஆட்டம் முடிஞ்சு போச்சே" என்பேன். இதுதான் என் வாதத்தின் நடு முள். சேரலாதன் இரண்டு காலத்துக்கும் சாட்சி. கட்டாந்தரையில் கற்ற பிடி மேட்டிலும் செல்லும், முப்பது நொடிக் கடிகாரத்திலும் செல்லும், கேமரா எட்டுக் கோணத்தில் பார்த்தாலும் செல்லும் என்று காட்டியவர் அவர். கணக்கு எழுதப்படாத காலத்துப் பிடிக்காரர்கள் எவ்வளவு பெரியவர்களாக இருந்திருப்பார்கள் என்பதற்கு இவரைத்தான் நான் அளவுகோலாக வைக்கிறேன். இவரை உள்ளே விட்டால் பெயர் தெரியாத பத்துக் கார்னர்காரர்கள் இவர் பின்னாலேயே உள்ளே வந்துவிடுவார்கள்.

மூன்றாவது ராஜரத்தினம். இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை, பேசவும் விடமாட்டேன். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில்தான் கபடி முதன்முதலாகப் பதக்க ஆட்டமானது. 1982 டெல்லியில் வெறும் காட்சி ஆட்டமாக இருந்தது. பெய்ஜிங்கில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம். ஹாக்கியில் இல்லை, தடகளத்தில் இல்லை, கபடியில்தான். அந்த அணியில் ஆடிய தமிழ்நாட்டுக்காரர் அவர். 1994இல் அர்ஜுனா. நாட்டின் மானத்தையே பெய்ஜிங்கில் கபடிக்காரர்கள்தான் சுமந்து வந்தார்கள் என்றால் அவர்களில் ஒருவருக்கு வாக்கு கேட்க நான் எதற்கு வாதாட வேண்டும்?

நான்காவது பெயரில் எனக்கும் என் கூட்டாளிகளுக்கும் பேச்சு முறிகிற அளவுக்குச் சண்டை. காசிநாதன் பாஸ்கரன். 2014இல் முதல் புரோ கபடிக் கோப்பையை ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் வென்றது, இறுதி ஆட்டத்தில் யு மும்பாவை 35-24 என்று சாய்த்தது. அந்த அணியின் பயிற்சியாளர் இவர். பிறகு தமிழ் தலைவாஸ் 2017இல் லீக்குக்குள் நுழைந்தபோதும் பயிற்சி கொடுத்தார். "ஆட்டக்காரர் மண்டபத்துல கோச்சுக்கு என்ன வேலை?" என்பது எதிர்க்கட்சி. வேலை இருக்கிறது என்பது என் கட்சி. வெளியூரில் கபடி என்றால் முரட்டு ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, எந்த ரைடரை எந்த நிமிடத்தில் உட்கார வைப்பது, எப்போது ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்து, அணி முழுவதும் வெளியேறுகிற லோனாவிலிருந்து தப்பிப்பது என்கிற கணக்கு இதில் இருப்பதைக் காட்டியவர்கள் பயிற்சியாளர்கள்தான். அவர்களுக்குத் தனி வாசல் வைத்தாலும் எனக்குச் சம்மதம். வாசலே இல்லை என்று சொன்னால் சம்மதமில்லை.

மண்டபம் எங்கே என்பதிலும் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. பாளையங்கோட்டையில் வேண்டும். மேற்கே பாபநாசம், அம்பாசமுத்திரத்திலிருந்தும் கிழக்கே ஏரல், ஆத்தூரிலிருந்தும் ஒரே பஸ்ஸில் வந்து சேரலாம். உள்ளே சிலை வைப்பதற்கு முன் பதின்மூன்றுக்குப் பத்து மீட்டரில் ஒரு களம் வெட்டுங்கள். மேட்டு வேண்டாம், ஆற்று வண்டலும் மணலும் கலந்து போட்ட மண் களம். சுவரோரம் ஒவ்வொருவருக்கும் ஒரு மாடம். மாடத்துக்குள் அவர் போட்டிருந்த பனியன், ஊர்ப் போட்டியில் வாங்கிய குத்துவிளக்கு, அவரைப் பார்த்தவர்கள் சொன்ன பேச்சின் ஒலிப்பதிவு. அந்த ஒலிப்பதிவுதான் மண்டபத்தின் மூலதனம். நாளைக்கே ஒருவர் கையில் ரெக்கார்டரைக் கொடுத்துப் பழைய நடுவர்களின் வீடு வீடாக அனுப்பலாம். மைக்கில் வர்ணனை செய்தே தொண்டை கட்டிப்போன அண்ணாச்சிகள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். யார் எந்த ஆட்டத்தில் யாரைப் பிடித்தார் என்று கடல்மடை திறந்த மாதிரி சொல்வார்கள். ஒருவர் சொன்னதை இன்னொரு ஊர்க்காரர் ஒத்துக்கொண்டால் எழுதிக்கொள்ளலாம். எதிரணிக்காரரே ஒத்துக்கொண்டால் கல்வெட்டில் வெட்டலாம். என் அனுபவத்தில் தோற்ற அணிக்காரரைப் போல நேர்மையான சாட்சி கிடையாது. தன்னை மடக்கியவனின் பிடியை முப்பது வருடம் கழித்தும் கையால் செய்து காட்டுவார்.

வாக்குரிமை யாருக்கு? அரசியல்வாதிக்கு வேண்டாம், சங்கப் பதவிக்காரருக்கு வேண்டாம். ஆடியவர்கள், நடுவர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், பத்திரிகையில் கபடி எழுதியவர்கள், அவர்களோடு பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் கண்டிப்பாக. கான்டனில் வைத்திருக்கிற எண்பது விழுக்காட்டையே நாமும் வைப்போம். அத்தனை பேரை வாதாடி மசிய வைத்து ஒருவர் உள்ளே நுழைந்தால் அந்த மாடத்துக்கு மரியாதை நிலைக்கும். ஐந்து ஆண்டு ஓய்வு விதியும் இருக்கட்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்று வந்த கண்ணகி நகர் கார்த்திகாவையும் வடுவூர் அபினேஷையும் நாடே கொண்டாடியது, நானும் பட்டாசு வாங்கினேன். அவர்கள் முன்னால் ஆடுவதற்கு இன்னும் எத்தனையோ ஆண்டுகள் கிடக்கின்றன. காத்திருப்போம்.

கார்த்திகாவின் பெயரைச் சொன்னதும் என் பட்டியலின் பெரிய கேள்வி வந்துவிடுகிறது. ஆண்கள் கபடி ஆசிய விளையாட்டில் 1990இல் சேர்ந்தது. பெண்கள் கபடி 2010இல், சீனாவின் குவாங்சோவில்தான் சேர்ந்தது. நடுவில் இருபது ஆண்டுகள். கணேசன் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அதே பருவத்தில், அதே திறமையோடு, தாவணிக்கு மேல் பனியனைப் போட்டுக்கொண்டு பள்ளி அணிக்கும் கல்லூரி அணிக்கும் மாநில அணிக்கும் ஆடிய பெண்களுக்கு ஏறிப்போக அந்தப் படியே கிடையாது. அவர்களில் பலர் இன்று இதே ஆற்றங்கரை ஊர்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு டீச்சராக இருக்கிறார்கள், சிலர் போலீஸில் இருக்கிறார்கள், பலர் கல்யாணத்தோடு ஆட்டத்தை விட்டவர்கள். கொடைத் திடலில் பெண்கள் ஆட்டம் நடக்கும்போது கயிற்றுக்கு வெளியே நின்று, "ஏட்டி, இடது கார்னர் பாத்து நில்லு" என்று சத்தம் கொடுக்கிற அத்தைமார்களைக் கவனித்துப் பாருங்கள். அந்தச் சத்தம் சும்மா வரவில்லை. கண்ணும் காலும் ஆட்டத்தை இன்னும் மறக்காததால் வருகிறது.

பதக்கம் எத்தனை என்று கேட்டால் அவர்களிடம் காட்ட எதுவும் இருக்காது, போட்டியே வைக்காமல் பதக்கம் எங்கிருந்து வரும்? அதனால் முதல் ஐந்து மாடங்களில் இரண்டு, 1990க்கும் 2010க்கும் நடுவில் ஆடிய பெண்களுக்கு என்று விதியிலேயே எழுத வேண்டும். பெயர்களை அவர்களோடு ஆடியவர்களும் அவர்களிடம் தோற்றவர்களும் வந்து சொல்லட்டும், வாதாடட்டும், எண்பது விழுக்காட்டைத் தொடட்டும். அந்த விதிக்காக என் நான்காவது பெயரை இந்த ஆண்டு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பாஸ்கரன் அண்ணாச்சி அடுத்த பட்டியலில் வரட்டும். இந்த இரண்டு மாடங்களையும் ஒதுக்காமல் கட்டுகிற மண்டபத்தில், கணேசனுக்காகவே கூப்பிட்டாலும், நான் போய் ஓட்டுப் போட மாட்டேன்.